புளியமரத் திருப்பத்தில் உயரும் கைகள்

மலேசியாவில் ஈப்போக்காரர்களால் தண்ணீரைப் பற்றிப் பெருமையடிக்காமல் இருக்க முடியாது. எங்கள் ஊர் முளைப்பயறு கொழுகொழுவென்று இருப்பதற்கும், காப்பி மணப்பதற்கும், சுற்றிலும் நிற்கும் சுண்ணாம்பு மலைகளிலிருந்து வரும் தண்ணீர்தான் காரணம் என்று டாக்சிக்காரர் முதல் தாதி வரை எல்லாரும் சொல்வார்கள். அதைக் கேட்டே வளர்ந்த நான், தண்ணீரால் பல் பழுப்பேறிப்போன ஓர் ஊருக்கு ஆய்வுக்காக வந்து இறங்கினேன். இறங்கியதும் முதல் வேலையாக ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துப் பார்த்தேன். ருசியாகத்தான் இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஊரின் பெயரைக் கேட்காதீர்கள். தருமபுரி மாவட்டத்தில், பாப்பிரெட்டிப்பட்டிக்கும் சித்தேரி மலைக்கும் இடையே, ஒரு மேட்டில் இருக்கிறது. அவ்வளவுதான் சொல்லலாம். பெயர் வெளியே தெரிந்தால் பெண் எடுக்க வருகிறவர்கள் யோசிப்பார்கள் என்றார்கள். போட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

என் வேலை பேச்சு சம்பந்தப்பட்டது. பல் மருத்துவம் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி ஒன்றில், பல்லும் வாயும் மாறினால் பேச்சு எப்படி மாறுகிறது என்று ஆராய்கிறேன். இருபது வருடமாக இதையே செய்து, மனிதர்களை வாயிலிருந்து தொடங்கிப் பார்க்கும் கெட்ட பழக்கம் வந்துவிட்டது. கண்ணுக்குப் போய்ச் சேர நேரமாகும்.

இந்த மேட்டு ஊரில் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம். சின்ன வயதில் அதைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு, பால்பல் விழுந்து முளைக்கும் பல்லில் பழுப்புக் கறை படிந்தே வரும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்தக் கறைக்கு வெட்கப்பட்டு வாயைக் குறுக்கிக் குறுக்கி, பேச்சே மங்கிவிடுகிறதா? இதுதான் நாங்கள் கேட்டுவந்த கேள்வி. ஒவ்வொருவரின் வாயை மட்டும் படம் எடுக்க வேண்டும். பிறகு முந்தின நாள் சமைத்ததைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும்.

சுமதி வீட்டு மாடியறையில் தங்கினேன். சுமதிக்கு முப்பது வயது இருக்கும், மகளிர் குழுத் தலைவி. கணவர் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் வீடு. மகள் தேன்மொழிக்கு இரண்டரை வயது. வாசற்படியில் விழுந்து மேல் முன்பல்லில் ஒரு மூலை உடைந்துவிட்டது. சிரித்தால் அந்த வெள்ளைப் பல்வரிசையில் சின்ன முக்கோணச் சன்னல் ஒன்று தெரியும்.

முதல் நாள் காலை கீழே இறங்கிவந்து, எங்கள் ஊர் வழக்கப்படி, "பசியாறிட்டீங்களா?" என்றேன். சுமதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பசியாறிட்டீங்களான்னு கேக்கறாங்க பாரு! என்னமோ நாம நாலு நாளா பட்டினி கெடந்த மாதிரி!"

பக்கத்து வீடு வரைக்கும் சிரிப்பு போனது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகு 'சாப்டீங்களா' என்றே கேட்டுக்கொண்டிருந்தேன், பரீட்சைக்குப் படித்தவள் மாதிரி.

மதியம் ராகிக் களியும் கீரைக் கடைசலும். வாயில் போட்டு மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன். சுமதி தலையில் அடித்துக்கொண்டாள்.

"மெல்லாதீங்கக்கா! கடைசல்ல தொட்டு அப்பிடியே முழுங்குங்க. களிக்கும் பல்லுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

வாய் ஆராய்ச்சிக்கு வந்தவளுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ஆனால் விழுங்கிப் பழகியதும் உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி பரவிற்று. அந்த ஊரில் இருந்த நாளெல்லாம் எனக்குப் பாதித் தூக்கமாகவே இருந்ததற்குக் களி ஒரு காரணம். மார்கழிப் பனி இன்னொரு காரணம். காலை ஒன்பது வரை மலை இருக்காது. பிறகு எங்கிருந்தோ மெதுவாக வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். குச்சிக்கிழங்கு என்று அவர்கள் சொல்லும் மரவள்ளிக் கொல்லைகளின் மேல் புகை போலப் பனி நிற்க, அதற்குள்ளிருந்து யாரோ யாரையோ கூப்பிடுவார்கள். ஆள் தெரியாது, குரல் மட்டும் நடந்து வரும்.

இரண்டாம் நாள் பதிவு தொடங்கியது. மங்கிய பேச்சைத் தேடி வந்தவளுக்கு, கணக்கு முதல் மணி நேரத்திலேயே தப்பிவிட்டது. இந்த ஊர்ப் பெண்களுக்கு இரண்டு நிமிடம் போதவே இல்லை. குழம்பில் தொடங்கி, மாமியாருக்குப் போய், ஆட்டுக்குட்டியில் முடித்தார்கள். வாயை அகலத் திறந்து, பழுப்புப் பல் அத்தனையும் தெரிய, வெட்கம் என்கிற பேச்சே இல்லாமல் சிரித்தார்கள். சுமதி பேசியபோது பதிவுக் கருவியின் முள் கடைசி வரை போய் முட்டி நின்றது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் கோலாலம்பூரிலிருந்த பேராசிரியருக்கு, 'கறைக்கும் பேச்சுக்கும் ஒரு தொடர்பும் காணவில்லை' என்று எழுதி அனுப்பினேன்.

அதை அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், எதிரே சுமதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"அக்கா, நீங்க பேச்சு டாக்டராமே. எனக்கு ஒரு வைத்தியம் சொல்லுங்க."

"உங்களுக்கா? உங்கள் குரல் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிறதே."

"இங்கதாங்க கேக்கும். வர்ற திங்கக்கெழம தருமபுரிக்கு மனு குடுக்கப் போறமுங்க. ஆத்துத் தண்ணிக் குழாய் பக்கத்து ஊரு வரைக்கும் வந்துருச்சு. நாம மேட்டுல இருக்கறதால தண்ணி ஏற மாட்டேங்குது. ஒரு மோட்டார் வெச்சா ஏறும். அதக் கேக்கறதுக்கு ஏற்கெனவே ரெண்டு வாட்டி போனமுங்க. அங்க போயி நின்னா இந்தக் கை இருக்குது பாருங்க, இது சொன்ன பேச்சு கேக்கறதில்ல. தானா வந்து வாய மூடிக்குது. 'சத்தமா சொல்லுங்கம்மா'ன்னு சார் கேக்கறாரு. எனக்கு உள்ளயே போயிருது. போன தடவ பின்னாடி நின்னவரு பாவப்பட்டு எங்களுக்காகப் பேச வந்தாரு. கடசில அவரு ஊரு ஏரி வாய்க்காலப் பத்திப் பேசி முடிச்சுட்டாரு."

எழுதிக் கொடுத்தால் போதாதா என்றேன். எழுதினது கட்டோடு சேர்ந்துவிடும், வாயால் சொன்னால்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்றாள்.

"என் பல்லு போனது போவுதுங்க. இவளுக்கு விழுந்து மொளைக்கறதுக்குள்ள தண்ணி வந்தாப் போதும். இன்னும் நாலு வருசம் இருக்குதில்ல?"

இங்கே நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை. ஆறு வயதில் முளைக்கப்போகும் முன்பல் இப்போதே ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிறது, இன்றைக்குக் குடிக்கும் தண்ணீர்தான் அதில் படியும் என்று சொன்னேன். சுமதி குழந்தையின் உதட்டை விலக்கிப் பார்த்தாள். அரிசி மாதிரி வெள்ளைப் பற்கள். அவற்றுக்கு மேலே இளஞ்சிவப்பு ஈறு.

"இப்பவேங்களா?" என்றாள்.

மூன்றாம் நாள் ஆய்வுக்கு ஒரு அடி விழுந்தது. முகம் தெரியாமல் வாயை மட்டும் படம் எடுப்பது, யார் யார் என்று கண்டுபிடிக்க முடியாமல் இருப்பதற்காக. பெயருக்குப் பதில் எண்தான் போட்டிருந்தோம். இதற்காக நான் நாற்பது பக்கப் படிவம் நிரப்பி, மூன்று குழுக்களிடம் அனுமதி வாங்கியிருந்தேன். நான் மடிக்கணினியில் படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, டீ கொண்டுவந்த, சுமதியின் குழுவைச் சேர்ந்த பார்வதி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அட, சின்னத்தாயி!"

அடுத்த படம். "இது மேலத் தெரு கோவிந்தம்மா. இடது பக்கம் வரி வரியா இருக்குது பாருங்க. இது அவங்க மவன். இது கடக்காரரு. இது யாரு... ஓ, சுமதி."

பதினேழு படம். பதினேழு பெயர். ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் பதறிப்போய்க் கணினியை மூடினேன்.

"மூஞ்சியக் காட்டலன்னா என்னாங்க, பல்லு போதாதா? ஒருத்தருக்கு இருக்கற மாதிரி இன்னொருத்தருக்கு இருக்காது," என்றாள் பார்வதி. அவளுடைய பல் மட்டும் பளிச்சென்று வெள்ளை. மாரண்டஹள்ளிப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்த வீட்டில் தெலுங்கு, புகுந்த வீட்டில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். சின்ன வயதில் வயல் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் என்பதால் கறையில்லை. இந்த ஊரில் அவளைத்தான் வித்தியாசமான பல்லுக்காரி என்று அடையாளம் சொல்கிறார்கள்.

அன்று மதியம் களி மயக்கத்தில் ஒரு கனவு. பனிக்குள் வாய்கள் மட்டும் மிதந்து வருகின்றன. ஒவ்வொன்றும் தன் எண்ணைச் சொல்லாமல் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறது. நான் படிவத்தை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடுகிறேன். எழுந்தபோது தேன்மொழி என் பக்கத்தில் உட்கார்ந்து, திறந்திருந்த என் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் சந்தைக்குப் போகும் பெண்களோடு டவுன் பஸ் ஏறினேன். எங்கள் ஊர்ப் பேருந்தில் எல்லாரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டு மௌனமாக வருவோம். இங்கே பஸ் கிளம்புவதற்கு முன்பே பேச்சு கிளம்பிவிட்டது. யாரோ ஒருத்தியின் தம்பி கல்யாணத்தில் மாப்பிள்ளை செருப்பு மாறிப்போன கதை. பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. நான் சன்னலோரம் தலையைச் சாய்த்து, அந்தச் சத்தத்திலேயே மிதந்துகொண்டிருந்தேன்.

ஊர் எல்லை தாண்டி ஒரு பெரிய புளியமரம். அங்கே சாலை திரும்புகிறது. திருப்பத்தில் முதல் வரிசைப் பெண்ணின் முந்தானை வாய்க்கு உயர்ந்தது. பிறகு அவளுக்குப் பின்னால் இருந்தவளின் கை. பிறகு அடுத்தவள். காற்று வந்து நாற்றைச் சாய்ப்பது போல, முன்னாலிருந்து பின்னால் வரை கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. பேச்சு நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை. ஆனால் எல்லாம் துணிக்குள் போய்விட்டது. யாரும் யாருக்கும் ஜாடை காட்டவில்லை. என்ன செய்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியவில்லை.

எனக்குத் தூக்கம் போயே போய்விட்டது. ஊருக்குள் உட்கார்ந்து ஊர்க்காரர்களைப் பதிவு செய்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டேனே! கறை பல்லில்தான் இருக்கிறது, வெட்கம் இந்தப் புளியமரத்தடியில் பஸ் ஏறுகிறது. பக்கத்தில் பார்வதியைப் பார்த்தேன். அந்த வெள்ளைப் பல்லுக்காரியும் முந்தானையால் வாயை மூடியிருந்தாள்.

"நீங்க ஏன் மூடறீங்க?" என்றேன்.

அவள் அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள். "அட, ஆமாங்க!" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாரும் மூடறப்ப நான் மட்டும் பல்ல காட்டிக்கிட்டு உக்காந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள். கையை எடுக்கவில்லை.

இந்த யோசனையிலேயே திரும்பும்போது பஸ் மாறி ஏறிவிட்டேன். கண்டக்டர் எழுப்பினார்.

"மேடம், கடத்தூர் வந்துருச்சு. எறங்குங்க."

"பாப்பிரெட்டிப்பட்டி இல்லையா?"

"அது அந்தப் பக்கம் போற பஸ்ஸுங்க. நீங்க நல்லாத் தூங்கறீங்களேன்னு விட்டுட்டேன்."

கடத்தூரில் தேங்காய் மூட்டைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் நின்றேன். ஒரு டீக்கடைக்காரர் சுடச்சுடப் போண்டா கொடுத்து, சரியான பஸ்ஸில் ஏற்றி, டிரைவரிடமும் சொல்லிவிட்டார். வழியில் இறங்கி மாறி ஏறிய, ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸில் எங்கள் பெண்கள் சிலர் இருந்தார்கள். இந்த முறை கவனமாகப் பார்த்தேன். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் வாயை மூடியிருந்தார்கள். நின்றுகொண்டு வந்தவர்கள் மட்டும் பல் தெரியப் பேசிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு இரண்டு கையும் கம்பியில் இருந்தது. புளியமரம் வந்ததும் மற்றக் கைகளும் ஒவ்வொன்றாக மடியில் இறங்கின.

ஐந்தாம் நாள் முழுக்க சுமதிக்கு எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தேன். மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுக்கச் சொன்னேன். கண்ணாடி முன் பேசச் சொன்னேன். எல்லாவற்றையும் பிரமாதமாகச் செய்தாள். ஊருக்குள் அவளுக்கு வைத்தியமே தேவையில்லை. சோதித்துப் பார்க்க அவளைப் புளியமரம் தாண்டி நடத்திக் கூட்டிப் போனேன். அங்கே நின்று, "ஐயா, எங்க ஊரு..." என்று தொடங்கினாள். கை வந்துவிட்டது. நடுரோட்டில் இரண்டு பேரும் நின்று சிரித்தோம். பிறகு அவள் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸில் பார்த்ததைச் சொன்னேன். நின்றவர்களுக்குக் கை இல்லை, அதனால் வாய் இருந்தது. சுமதிக்குச் சட்டென்று பிடிபட்டது.

"அப்போ கையில எதயாச்சும் குடுத்துருவோம். கொடத்துல நம்ம போர் தண்ணியவே ரொப்பிக்கிறேன். ரெண்டு கையாலயும் புடிச்சாத்தான் சிந்தாது. சார் மேசையில வெச்சாப்புலயும் ஆச்சு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருபது வருடப் படிப்பில் நான் சொன்ன ஒரே உருப்படியான வைத்தியம் அது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பன்னிரண்டு பெண்களும் ஒரு குழந்தையும் நானும் தருமபுரியில் இறங்கினோம். சுமதி குடத்தைக் குழந்தையைவிடப் பத்திரமாகக் கொண்டுவந்தாள். மனு கொடுக்கும் இடத்து வாசலில் ஒரு பெண் போலீஸ்காரர் நின்று பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

"கொடத்துல என்னம்மா?"

"தண்ணிங்க."

"தண்ணியா இருந்தாலும் உள்ள விடக் கூடாதும்மா. யாராச்சும் எண்ணெய் கிண்ணெய் ஊத்திக்கிட்டா நாங்கதான பதில் சொல்லணும்? வெளிய வெச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. குடம் சுவரோரம் போய் உட்கார்ந்தது. சுமதி தன் வெறும் கைகளைப் பார்த்தாள். உள்ளே வரிசையில் நின்றபோதே வலது கை வாய்க்குப் போய்விட்டது. என் வைத்தியம் வாசலோடு முடிந்தது. தேன்மொழி என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். திறந்த வாயில் அந்தச் சின்னச் சன்னல்.

எங்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி காலையிலிருந்து பேசிக் களைத்திருந்தார். "சொல்லுங்கம்மா," என்றார் காகிதத்தைப் பார்த்தபடி. சுமதி கைக்குள்ளேயே ஏதோ சொன்னாள். "சத்தமா, சத்தமா."

பார்வதி என்ன நினைத்தாளோ, தன் முந்தானையை விட்டாள். சுமதியின் வலது கையை இழுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். இடது கை எழுந்தது. அதைச் சின்னத்தாயி பிடித்துக்கொண்டாள். நெரிசலான பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பவளைப் போல, சுமதி இருபுறமும் பிடிபட்டு நின்றாள்.

"ஐயா," என்றாள். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் அவள் வாய்க்குப் போனது. அவள் மூடவில்லை, மூட முடியவும் இல்லை.

"நல்லாப் பாத்துக்குங்க ஐயா. இது நாங்க குடிச்ச தண்ணி. எங்க பல்ல மாத்தச் சொல்லி வரல. தோ அந்த அக்கா தோளுல தூங்குது பாருங்க, அது வாயில இன்னும் வெள்ளையா இருக்குது. அதுக்கு மொளைக்கப் போற பல்லு இப்பவே உள்ள ஊறிக்கிட்டு இருக்குதாம். எங்க மேட்டுல இப்பிடி இருவத்தஞ்சு கொழந்தைங்க. ஒரு மோட்டாரு வெச்சாத் தண்ணி ஏறிரும்..."

பழக்கதோஷம், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசினாள். பக்கத்து வரிசைகள் திரும்பிப் பார்த்தன. அதிகாரி எழுந்து வந்து குழந்தையின் வாயைக் குனிந்து பார்த்தார். ஒரு பொறியாளரைக் கூப்பிட்டு அங்கேயே ஏதோ கேட்டார். மோட்டாருக்கு நாளாகும், அதுவரை வாரத்தில் இரண்டு முறை லாரியில் ஆற்றுத் தண்ணீர் அனுப்பப் பார்க்கிறேன் என்றார். எழுதிக்கொண்டார். நான் அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை.

திரும்பும் பஸ்ஸில் எல்லாருக்கும் உட்கார இடம் கிடைத்தது. ஒரு பெரிய மாற்றமும் நடந்துவிடவில்லை. சின்னத்தாயி மூடியிருந்தாள், பார்வதி மூடியிருந்தாள், மற்றவர்களும் மூடியிருந்தார்கள். சுமதியின் கைகள் மட்டும் குடத்தின் மேல் கிடந்தன. களைப்பில் தூங்கிவிட்டிருந்தாள், வாய் திறந்தபடி. புளியமரம் வந்ததும் மற்றக் கைகள் இறங்கின. மறுநாள் நான் கிளம்பினேன்.

ஈப்போவில் மழை. பேராசிரியருக்கு முதலில் அனுப்பியதைத் திரும்பப் பெற்று, இனிப் பஸ்ஸிலும் பதிவு செய்ய வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்த ஒரு காலையில், கைபேசியில் சுமதியின் குரல் வந்தது. "அக்கா, பசியாறிட்டீங்களா?" பின்னால் நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம். "நேத்து லாரி வந்துச்சு. மோட்டாருக்கு அளந்துட்டுப் போயிருக்காங்க. ஒரு போட்டோ அனுப்பறேன். யாரு பல்லுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

படம் வந்தது. எங்கள் முறைப்படியே எடுத்திருந்தாள், முகம் இல்லை, வாய் மட்டும். எவர்சில்வர் டம்ளரின் விளிம்பு, தண்ணீர் வழியும் மோவாய், வெள்ளைப் பல்வரிசையில் மூலை உடைந்த ஒரு பல்.

ஆய்வு விதிப்படி, வாயை வைத்து ஆளை அடையாளம் சொல்லக் கூடாது. தேன்மொழி என்று தட்டி அனுப்பினேன்.